பிறந்த குழந்தைக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் வலிப்பு மருந்து ஏன் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை?

இரு பிள்ளை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். அயனி, செறிவு என்று பேசினால் புரியும், மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மூத்தவளுக்கு இரண்டு வயதில் ஒரு சாயங்காலம் காய்ச்சல் 102 இருந்தது. ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கும்போதே கண் மேலே சொருகிக்கொண்டது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மாமியார் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து கையில் திணித்தார். ஆட்டோவில் போய்ச் சேரும்வரை நிற்கவில்லை. அங்கே மூக்கில் மிடாசோலம் ஸ்பிரே அடித்தார்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் நின்று அப்படியே தூங்கிப்போனாள். காய்ச்சல் வலிப்புதான், ஐந்து வயதுக்கு மேல் பெரும்பாலும் வராது என்றார் டாக்டர். இப்போது நாலரை ஆகிறது, மறுபடி வரவில்லை.

இந்த வருடம் மகன் பிறந்தான். பிரசவம் ரொம்ப நேரம் இழுத்தது, பிறந்ததும் அழவில்லை, ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மறுநாள் ஒரு கால் மட்டும் சைக்கிள் மிதிப்பது போல அசைந்துகொண்டே இருந்தது, வாய் தானாகச் சப்புக்கொட்டியது. வலிப்பு என்று பீனோபார்பிட்டால் ஏற்றினார்கள். கால் நின்றது, வாய் நின்றது. நாங்கள் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அப்புறம் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி பார்த்த டாக்டர் வந்து, வெளியே நின்றிருக்கிறது, ஆனால் மூளையில் வலிப்பு இன்னும் ஓடுகிறது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கால் துவண்டுவிட்டது. இன்னொரு மருந்தும் சேர்த்த பிறகுதான் அடங்கியது. இப்போது ஐந்து வாரம், வீட்டில் இருக்கிறான், பீனோபார்பிட்டால் சிரப் போகிறது.

நான் தேடிப் படித்த வரையில் மிடாசோலம், பீனோபார்பிட்டால் இரண்டுமே காபா என்ற பொருளின் வேலையைத்தான் கூட்டுகின்றன, காபா மூளையின் பிரேக். மூத்தவளுக்கு அந்தப் பிரேக் உடனே பிடித்தது. சின்னவனுக்கு வெளியே மட்டும் பிடித்து உள்ளே பிடிக்கவில்லை. காபா ஒட்டும் புரதமான ஏற்பி ஒன்றுதானே, மருந்து ஒட்டுகிற இடமும் அதுதானே? வயது இதில் எங்கே வருகிறது? தெரிந்தவர்கள் மேலோட்டமாக வேண்டாம், உள்ளே நடப்பதைச் சொல்லுங்கள்.


உடலியல் ஆய்வகம் எழுதியது:

அம்மா, நான் டாக்டர் இல்லை. எலிக்குட்டிகளின் மூளைத் துண்டுகளில் மின்னோட்டம் அளப்பதுதான் என் வேலை. உங்கள் மகனின் சிகிச்சை பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியோடுதான் ஆறு வருடமாக இருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

காபா ஒரு பிரேக் என்பது வளர்ந்த மூளைக்குச் சரி. காபா-ஏ ஏற்பி உண்மையில் குளோரைடு அயனிக்கான ஒரு வாசல், அவ்வளவுதான். காபா வந்து ஒட்டினால் திறக்கும். நீங்கள் டெல்டாக்காரர், மதகு தெரியும். மதகைத் தூக்கிவிட்டால் தண்ணீர் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குப் போகுமா, வாய்க்காலிலிருந்து ஆற்றுக்குத் திரும்புமா என்பது மதகின் கையில் இல்லை, எந்தப் பக்கம் மட்டம் உயர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கே மட்டம் என்பது செல்லுக்குள் இருக்கும் குளோரைடு அளவும் செல்லின் மின்னழுத்தமும் சேர்ந்தது.

அயனிச் செறிவிலிருந்து மின்னழுத்தம் தரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை நீங்களே போட்டுப் பார்க்கலாம். செல்லுக்கு வெளியே குளோரைடு சுமார் 130 மில்லிமோலார். வளர்ந்த நியூரானில் (நரம்புச் செல்லில்) உள்ளே 7 என்று வைத்தால், உடல் வெப்பத்தில் குளோரைடு எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கும் சமநிலை அழுத்தம் சுமார் −78 மில்லிவோல்ட். ஓய்வில் இருக்கும் செல் −70 பக்கம் நிற்கிறது. வாசல் திறந்ததும் குளோரைடு உள்ளே வருகிறது, செல் இன்னும் எதிர்மறையாகிறது, சுடுவது, அதாவது மின்துடிப்பை விடுவது, கடினமாகிறது. பிரேக். இளம் நியூரானில் உள்ளே 25 என்று வையுங்கள், −44 வரும். செல் துடிப்பை விடும் எல்லையே −50 பக்கம்தான். அப்போது அதே வாசல் திறந்தால் குளோரைடு வெளியே ஓடுகிறது, எதிர்மின்னூட்டம் வெளியேறுவதால் செல் எல்லையை நோக்கி ஏறுகிறது. ஏற்பி மாறவில்லை, காபா மாறவில்லை, மருந்தும் மாறவில்லை, திசை திரும்பிவிட்டது. (அந்த வாசல் வழியே பைகார்பனேட்டும் கொஞ்சம் கசியும், கணக்கில் அதை விட்டிருக்கிறேன். உண்மையான செல்லில் இந்த எண்கள் செல்லுக்குச் செல் மாறும்.)

உள்ளே ஏன் அதிகம் என்றால் இரண்டு கடத்திகள் காரணம். என்கேசிசி1 என்பது ஒரு சோடியம், ஒரு பொட்டாசியத்தோடு இரண்டு குளோரைடை உள்ளே இழுத்துவரும். கேசிசி2 என்பது பொட்டாசியத்தோடு சேர்த்துக் குளோரைடை வெளியே தள்ளும். பிறக்கும் சமயத்தில் மூளையின் வெளி அடுக்கான புறணியில் முதலாவது நிறைய, இரண்டாவது குறைவு. எலிக்குட்டியில் கேசிசி2 முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று ஏறும். மனிதக் குழந்தையில் கருவின் கடைசி மாதங்களில் தொடங்கி முதல் ஒரு வருடத்துக்கு ஏறிக்கொண்டே போகிறது. நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் இளம் வயதில் காபா செல்லைக் கிளப்பிவிடுகிறது என்பதை பிரான்ஸில் பென்-ஆரி குழு 1989இல் எழுதியது. அந்தத் திசைமாற்றத்துக்கு கேசிசி2 தான் காரணம் என்று 1999இல் பின்லாந்தில் காய்லா குழு காட்டியது.

இதை நான் முதல்முறை கண்ணால் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பிறந்து ஐந்து நாளான குட்டியின் மூளைத் துண்டு, கால்சியம் ஏறினால் ஒளிரும் சாயம் ஏற்றியிருந்தோம். நுண்குழாயிலிருந்து காபா கொஞ்சம் ஊதினேன். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கள் கார்த்திகை விளக்கு மாதிரி ஒளிர்ந்தன. மூன்று வாரமான எலியின் துண்டில் அதே புட்டியிலிருந்து அதே அளவு ஊதினேன், ஒரு செல்லும் ஒளிரவில்லை. பாடத்தில் படித்துத்தான் போயிருந்தேன், இருந்தாலும் அன்றைக்கு ரொம்ப நேரம் திரையை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

இயற்கை இதை ஏன் இப்படி வைத்திருக்கிறது என்று கேட்பீர்கள். பிறப்பதற்கு முன்னும் பின்னும் நியூரான்கள் கிளைவிட, இணைப்புப் போட, இடம்மாற கால்சியம் சமிக்ஞை வேண்டும். செல்லைக் கிளப்பும் பொருளான குளூட்டமேட்டின் இணைப்புகள் முழுதாக வேலைக்கு வருவதற்கு முன்பே காபாதான் அந்தக் கிளர்ச்சியைக் கொடுக்கிறது. அதாவது வளர்வதற்காக வைத்த ஏற்பாடு இது. ஆக்சிஜன் குறைவு மாதிரி ஒரு அடி விழும்போது அதே ஏற்பாடு வலிப்புக்கு வழிவிட்டுவிடுகிறது.

இன்னொன்று முக்கியம். வலிப்பு நீடிக்க நீடிக்கச் செல்லுக்குள் குளோரைடு மேலும் மேலும் சேர்கிறது. அதனால் பீனோபார்பிட்டால் சீக்கிரம் கொடுத்தால் வேலை செய்யும் வாய்ப்பு அதிகம், தாமதமானால் குறையும். இது எலிக்குட்டித் துண்டுகளில் தெளிவாகத் தெரிகிறது.


என்ஐசியு சிஸ்டர் எழுதியது:

மேலே சொன்னவர் செல்லுக்குள் பார்த்ததைச் சொன்னார், நான் குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். பதினோரு வருடமாகப் பச்சிளம் குழந்தைப் பிரிவில் இருக்கிறேன்.

கால் நின்றும் ஈஈஜி நிற்காதது உங்கள் குழந்தைக்கு மட்டும் நடந்ததில்லை, நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். பீனோபார்பிட்டால் ஏறி முடிந்ததும் குழந்தை பஞ்சு போலக் கிடக்கும், பார்ப்பவர்களுக்கு நிம்மதி, ஆனால் தலையில் ஒட்டிய கம்பிகளில் ஒரு பக்கத்தில் மட்டும் கூரான அலைகள் முதலில் வேகமாக, போகப்போகப் பெரிதாகி இடைவெளி விட்டு, பத்து விநாடிக்கு மேல் தாண்டி ஓடும், நிற்கும், கால் மணி நேரம் கழித்து இன்னொரு இடத்தில் தொடங்கும். அந்த நேரத்தில் குழந்தையின் முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் பச்சிளம் குழந்தை வலிப்பை ஈஈஜி வைத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும் என்று உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கம் தன் வகைப்படுத்தலிலேயே எழுதியிருக்கிறது.

காரணம் எங்கள் பிரிவில் பாடம் எடுக்க வந்த டாக்டர் ஒருவர் சொன்னது, எனக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டது. மூளை எல்லா இடத்திலும் ஒரே நாளில் முதிர்வதில்லை, தண்டுவடமும் மூளைத்தண்டும் முன்னே, அப்புறம் மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ், கடைசியில்தான் புறணி. உள்ளே இருக்கும் பகுதிகளில் குளோரைடு ஏற்கெனவே இறங்கியிருக்கும், அங்கே மருந்து பிரேக்காக வேலை செய்யும், அசைவு நின்றுவிடும். மேலே புறணியில் இன்னும் இறங்கியிருக்காது, அங்கே வலிப்பு ஓடும். ஒரே குழந்தை, ஒரே ஊசி, இரண்டு மாடியில் இரண்டு விதமான பலன்.

வீட்டுக்குப் போன பிறகு அம்மாக்கள் ஒவ்வொரு அசைவுக்கும் பயப்படுவார்கள், உங்களுக்கும் இருக்கும். ஒன்று சொல்லித் தருகிறேன். கை கால் நடுங்கினால் மெதுவாகப் பிடித்து மடக்கிப் பாருங்கள். வெறும் நடுக்கமாக இருந்தால் உங்கள் கைக்குள் நின்றுவிடும். வலிப்பாக இருந்தால் பிடித்தாலும் நிற்காது, உள்ளுக்குள் துடிப்பது கையில் தெரியும். கண் ஒரு பக்கம் போய் நிலைகுத்துவது, நிறம் மாறுவது, மூச்சு நிற்பது இதெல்லாம் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூட வீட்டில் யோசிக்க வேண்டாம். முடிந்தால் யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

மூத்தவளுக்கு மறுபடி வந்தால் சாவி, இரும்பு எதுவும் கையில் வேண்டாம், வாயில் விரலோ கரண்டியோ தண்ணீரோ வேண்டவே வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஸ்பிரே. மாமியாரிடமும் பொறுமையாகச் சொல்லிவையுங்கள், அவர்களும் பயத்தில்தான் செய்கிறார்கள்.


குழந்தை நரம்பியல் படிப்பவன் எழுதியது:

குழந்தை நரம்பியலில் மேற்படிப்புப் படிக்கிறேன். ஆய்வக நண்பர் எழுதியது அருமை, ஆனால் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் பிறந்த குழந்தைக்கு பீனோபார்பிட்டால் வலிப்பைக் கூட்டுமே, எதற்குக் கொடுத்தார்கள் என்று ஒரு அம்மா நினைத்துவிடக் கூடாது. அதனால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதலாவது, காபா செல்லை எல்லையை நோக்கி ஏற்றினாலும் அதே சமயம் சவ்வில் வாசல்களைத் திறந்துவைக்கிறது. திறந்த வாசல்கள் இருக்கும்போது குளூட்டமேட் கொண்டுவரும் மின்னோட்டம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீராகக் கசிந்துவிடும், செல் எல்லையைத் தொட முடியாது. துண்டில் பார்ப்பதும் உயிருள்ள மூளையில் பார்ப்பதும் இங்கேதான் வேறுபடுகின்றன. 2015இல் உயிருள்ள எலிக்குட்டிகளின் புறணியில் பார்த்தபோது காபா தனிச் செல்லின் அழுத்தத்தை ஏற்றியது, ஆனால் வலையமைப்பின் மொத்தச் செயல்பாட்டை அடக்கியது. ஆகவே பச்சிளம் மூளையில் காபா என்பது ஆக்சிலரேட்டர் என்று சொல்வதும் தவறு. பாதி தேய்ந்த பிரேக் என்பது என் கணிப்பு.

நோயாளிகளிடம் கிடைத்த எண்களும் அப்படித்தான் சொல்கின்றன. 1999இல் வந்த ஆய்வில் பீனோபார்பிட்டால் மட்டும் கொடுத்து வலிப்பு கட்டுக்குள் வந்தது 43 சதவீதம் குழந்தைகளுக்கு, பெனிட்டாய்ன் என்ற இன்னொரு வலிப்பு மருந்தில் 45. 2020இல் வந்த இன்னொரு ஆய்வில் பீனோபார்பிட்டாலில் 80 சதவீதம் குழந்தைகள் ஒரு முழு நாள் வலிப்பில்லாமல் இருந்தார்கள், லெவெட்டிராசிட்டம் என்ற வலிப்பு மருந்தில் 28 மட்டும். குழந்தைகளும் அளவீடுகளும் வேறு வேறு என்பதால் இரண்டு ஆய்வையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் 2023இல் வந்த சர்வதேசப் பரிந்துரையிலும் முதல் மருந்து பீனோபார்பிட்டால்தான். உங்கள் மருத்துவர்கள் சரியான வரிசையில்தான் போயிருக்கிறார்கள்.

குளோரைடை உள்ளே இழுக்கும் என்கேசிசி1ஐயே அடைத்தால் என்ன என்ற யோசனையும் வந்தது. அடைக்கும் மருந்து ஏற்கெனவே இருக்கிறது, நீர் பிரிய வைக்கும் பியூமெட்டனைடு. 2005இல் எலிக்குட்டிகளில் நல்ல பலன். உடனே எல்லோருக்கும் நம்பிக்கை. ஐரோப்பாவில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வை 14 குழந்தைகளோடு நிறுத்தினார்கள், பலன் தெளிவாக இல்லை, உயிர்பிழைத்த 11 பேரில் 3 பேருக்குக் கேட்கும் திறன் பாதித்தது, 2015இல் அது வெளியானது. 2021இல் பாஸ்டன் குழு 43 குழந்தைகளிடம், பீனோபார்பிட்டாலோடு சேர்த்துக் கொடுத்தபோது வலிப்பு நேரம் குறைந்ததாக வெளியிட்டது. மருந்து மூளைக்குள் சரியாக நுழைவதில்லை என்பது அடிப்படைச் சிக்கல். வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. யாராவது இணையத்தில் இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் சண்டை போடவேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு எழுதினேன்.

இரண்டாவது விஷயம், எல்லோரும் காபாவையே பேசுகிறோம், குளூட்டமேட் பக்கம் பாதிக் கதை இருக்கிறது. குளூட்டமேட் ஒட்டும் ஏற்பிகளில் ஒன்றான என்எம்டிஏவின் துளையில் மக்னீசியம் அயனி கார்க் மாதிரி உட்கார்ந்திருக்கும், செல் நன்றாகக் கிளர்ந்தால்தான் கார்க் விலகும். இளம் மூளையில் அந்த ஏற்பி கட்டப்பட்டிருக்கும் துணையலகுகள் (பகுதிப் புரதங்கள்) வேறு. சிலவற்றில் கார்க் தளர்வு. குளூஎன்2பி என்ற துணையலகு அதிகம் இருப்பதால் ஒருமுறை திறந்த வாசல் மூடவும் நேரமாகிறது. முதிரும்போது அது குறைந்து குளூஎன்2ஏ கூடும், வாசல் சட்டென்று மூடும். குளூட்டமேட்டின் இன்னொரு ஏற்பியான ஆம்பாவிலும் அதே கதை. வளர்ந்த மூளையில் குளூஏ2 துணையலகு இருப்பதால் கால்சியம் உள்ளே போகாது. இளம் மூளையில் குளூஏ2 குறைவு, கால்சியம் தாராளமாகப் போகிறது. பாஸ்டனில் ஃபிரான்சஸ் ஜென்சன் குழு பத்துப் பன்னிரண்டு நாள் எலிக்குட்டிகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்துப் பார்த்தபோது வலிப்பு வந்தது, வளர்ந்த எலிகளுக்கு அதே குறைவில் வரவில்லை. ஆம்பா ஏற்பியை அடைத்தால் குட்டிகளுக்கும் நின்றது. போதாததற்கு அந்த வயதில் இணைப்புகளின் எண்ணிக்கையே தேவைக்கு மேல் இருக்கும், பின்னால்தான் கழிக்கப்படும். கிளப்பும் பக்கம் நிரம்பி வழிகிறது, அடக்கும் பக்கம் பாதிதான் தயார், நடுவில் ஆக்சிஜன் குறைவு. உங்கள் மகனுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். நிறைமாதக் குழந்தைகளின் வலிப்புக்கு மிகப் பொதுவான காரணமும் ஆக்சிஜன், ரத்த ஓட்டக் குறைவுதான்.

மிடாசோலம் பற்றிக் கேட்டீர்கள். காபா-ஏ ஏற்பி ஐந்து துணையலகுகள் சேர்ந்தது, மிடாசோலம் ஆல்ஃபா, காமா துணையலகுகளுக்கு நடுவில் ஒட்டும். எந்த ஆல்ஃபா என்பது முக்கியம். ஆல்ஃபா1 பிறப்பில் குறைவு, வளர வளரக் கூடும். இரண்டு வயதில் ஆல்ஃபா1 நிறைய வந்துவிட்டது, குளோரைடும் இறங்கிவிட்டது, அதனால் மூத்தவளுக்கு மூக்கில் அடித்த மருந்து போன வேகத்தில் பிடித்தது. ஆனாலும் அவளிடத்திலும் நேரம் தாழ்த்தக் கூடாது. வலிப்பு அரைமணி, ஒருமணி என்று போனால் காபா-ஏ ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுவிடும், மருந்து ஒட்ட இடம் குறையும். ஐந்து நிமிடக் கணக்கின் பின்னால் இருப்பதில் ஒன்று இது.


இரு பிள்ளை அம்மா எழுதியது:

நெர்ன்ஸ்ட் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், வந்தது. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு என் பிள்ளையின் தலைக்குள் ஓடியிருக்கிறது என்று நினைத்ததும் அழுதுவிட்டேன். ஒவ்வொருவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. இரண்டு வயதில் பிரேக் நன்றாக வந்துவிட்டது என்றால் காய்ச்சலுக்கு ஏன் வலிப்பு வந்தது? வந்தால் எல்லா வயதிலும் வரவேண்டும், அது என்ன ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது என்று ஒரு கணக்கு?


உடலியல் ஆய்வகம் எழுதியது:

முழு விடை யாரிடமும் இல்லை அம்மா. தெரிந்த துண்டுகள் சில உண்டு. வெப்பம் ஏறினால் அயனி வாசல்கள் வேகமாகத் திறந்து மூடும். காய்ச்சலோடு வரும் இன்டர்லூகின்-1பீட்டா என்ற அழற்சிப் பொருள் குளூட்டமேட் பக்கத்தைத் தூக்கிவிடும். எனக்கு மிகப் பிடித்தது 2006இல் ஹெல்சிங்கியில் காட்டியது. எலிக்குட்டிகளைச் சூடாக்கினால் அவை வேகவேகமாக மூச்சுவிடும், கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும், மூளை காரத்தன்மை அடையும், வலிப்பு வரும். காற்றில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்தால் சூடு அப்படியே இருக்கும்போதே வலிப்பு நின்றது. அமிலத்துக்கும் காரத்துக்கும் ஏற்பிகள் அவ்வளவு கூர்மையாக எதிர்வினை காட்டும். வேதியியல் ஆசிரியருக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழந்தைகளில் முழுக்க இதேதான் நடக்கிறது என்று சொல்லமாட்டேன்.


குழந்தை நரம்பியல் படிப்பவன் எழுதியது:

கூடவே மரபணுவும் இருக்கிறது. சில குடும்பங்களில் காபா-ஏ ஏற்பியின் காமா2 துணையலகில் மாற்றம் இருக்கும். அந்த ஏற்பிகள் வெப்பம் ஏறும்போது செல் மேற்பரப்புக்கு வந்து சேர்வது குறைகிறது, சாதாரண நாளில் சமாளிக்கும் பிரேக் காய்ச்சலன்று விட்டுவிடுகிறது. நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வரும், ஜப்பானில் இன்னும் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்துவிடுகிறது.


கரூர் அப்பா எழுதியது:

படித்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன், எழுதாமல் போக மனமில்லை. எங்கள் மகளுக்குப் பிறந்த மூன்றாம் நாள் வலிப்பு. நன்றாக அழுதாள், நன்றாகப் பால் குடித்தாள், திடீரென்று உடம்பு விறைத்து ஒரு பக்கம் இழுக்கும், முகம் நீலமாகும், ஒரு நிமிடத்தில் சரியாகி மறுபடி பால் குடிப்பாள். ஸ்கேன் சரி, சர்க்கரை சரி, கால்சியம் சரி. அப்போது என் அம்மா மெதுவாகச் சொன்னார், "உனக்கும் தீட்டு கழியறதுக்குள்ள இப்படித்தான் ஜன்னி கண்டுச்சு, மந்திரிச்சோம், மூணு மாசத்துல நின்னுபோச்சு" என்று. முப்பத்து நாலு வருடம் எனக்கே தெரியாது.

அந்த ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொன்னதும் மரபணு பரிசோதனை எழுதினார். கேசிஎன்கியூ2 என்று வந்தது. அது பொட்டாசியம் வாசல். டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார்: பிறந்த குழந்தையில் காபா பிரேக் இன்னும் சரியாக வராததால் இந்தப் பொட்டாசியம் வாசல்தான் முக்கியமான பிரேக், அதில் பாதி குறைந்தால் வலிப்பு வரும், சில வாரம், சில மாதத்தில் காபா பிரேக் வேலைக்கு வந்ததும் தானே நின்றுவிடும் என்று. கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்து கொடுத்தார்கள், பிடித்துக்கொண்டது. நாலாம் மாதத்தோடு நின்றது, இப்போது மூன்று வயது, மழலையர் பள்ளி போகிறாள். இதே மரபணுவில் கடுமையான வகையும் உண்டு, அந்தக் குழந்தைகளின் வளர்ச்சி மிகவும் பாதிக்கப்படும் என்றும் சொன்னார், எங்களுக்கு இருந்தது லேசான வகை.

நான் சொல்ல வந்தது, பிறந்த குழந்தைக்கு வலிப்பு என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அப்பா, தாத்தா, அத்தை யாருக்காவது குழந்தையில் ஜன்னி வந்ததா என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். வெட்கப்பட்டு மறைப்பார்கள், விடாதீர்கள்.


குழந்தை நரம்பியல் படிப்பவன் எழுதியது:

கரூர் அண்ணா, இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்திருக்காது. இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. டிராவே என்ற கடுமையான குழந்தை வலிப்பு நோயில் பழுது எஸ்சிஎன்1ஏ என்ற சோடியம் வாசலில். பிறந்ததும் அந்த வாசல் அதிகம் பயன்பாட்டில் இல்லை, அதனால் குழந்தை நன்றாக இருக்கும். மாதங்கள் போகப்போக காபா விடும் நியூரான்கள் அந்த வாசலை நம்பித்தான் சுட வேண்டியிருக்கிறது, சரியாக ஆறு மாதம் பக்கம், பெரும்பாலும் ஒரு காய்ச்சலோடு, நீண்ட வலிப்பாகத் தொடங்கும். அங்கே கார்பமாசெபைன் கொடுத்தால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் சோடியம் வாசலை அடைக்கும் அந்த மருந்து ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பிரேக் செல்களையே அமுக்கும். உங்கள் மகளைக் காப்பாற்றிய மருந்து அந்தக் குழந்தைக்கு ஆகாது. முதல் வருடத்தில் நீண்ட காய்ச்சல் வலிப்பு, அதுவும் உடம்பின் ஒரு பக்கம் மட்டும், திரும்பத் திரும்ப வந்தால் இதை மனதில் வைத்துப் பரிசோதிக்க வேண்டும். அம்மாவின் மூத்த மகளுக்கு ஒரே ஒருமுறைதான், இரண்டு வயதில், அதனால் இந்தப் பயம் வேண்டாம்.


இரு பிள்ளை அம்மா எழுதியது:

கடைசியாக ஒரு கேள்வி. சிரப் எத்தனை நாள்? பக்கத்து வீட்டு அக்கா, வலிப்பு மருந்து என்றால் இரண்டு வருடம் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறார்.


குழந்தை நரம்பியல் படிப்பவன் எழுதியது:

கால்-கை வலிப்பு நோய்க்குச் சொல்லும் கணக்கு அது. ஆக்சிஜன் குறைவால் பிறந்த சில நாட்களில் வந்து அடங்கிய வலிப்புக்குப் பொருந்தாது. 2021இல் அமெரிக்காவில் ஒன்பது மையங்களில் 303 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள், வீட்டுக்கு அனுப்பும்போதே மருந்தை நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் இரண்டு வயதில் வளர்ச்சியிலோ வலிப்பு நோயிலோ வித்தியாசம் இல்லை. இப்போதைய பரிந்துரையும் கூடுமானவரை வீட்டுக்குப் போகும் முன்பே நிறுத்தலாம் என்பதுதான். ஆய்வக நண்பர் சொன்ன வளர்ச்சிக்கு மட்டுமல்ல, அந்த வயதில் நியூரான்கள் பிழைத்திருக்கவும் கொஞ்சம் கிளர்ச்சி வேண்டும். எலிக்குட்டிகளுக்குப் பீனோபார்பிட்டால் கொடுத்தபோது நியூரான்கள் தாமாக மடிவது கூடியதை 2002இலேயே காட்டியிருக்கிறார்கள். வலிப்பு ஓடும்போது மருந்து வேண்டும், நின்ற பிறகு தேவையில்லாமல் வேண்டாம்.

ஆனால் கவனம், இதைப் படித்துவிட்டு நாளைக்கே நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐந்து வாரம் போன மருந்தைச் சட்டென்று விட்டால் வலிப்பு திரும்பலாம். மகனின் ஸ்கேனில் என்ன இருந்தது, கடைசி ஈஈஜி எப்படி என்பது உங்கள் டாக்டருக்குத்தான் தெரியும். "இதை எப்போது குறைக்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள், அது அவரைக் குறைசொல்வது ஆகாது.


இரு பிள்ளை அம்மா எழுதியது:

வியாழக்கிழமை போய்வந்தோம். கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை, மறுபடி ஈஈஜி எடுத்துப் பார்த்தார், வலிப்பு அலை இல்லை. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மூன்று வாரத்தில் நிறுத்த எழுதிக் கொடுத்திருக்கிறார், தேதி போட்டுக் காலண்டரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஸ்கேனில் சின்ன மாற்றம் இருக்கிறது, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் வளர்ச்சிப் பரிசோதனைக்கு வரச்சொன்னார். மாமியாரைக் கேட்டதில் வீட்டில் வேறு யாருக்கும் ஜன்னி இல்லையாம்.

நேற்று ராத்திரி பால் குடித்து முடித்ததும் இடது கால் நடுங்கியது. நெஞ்சு அடைத்துக்கொண்டது. சிஸ்டர் சொன்ன மாதிரி மெதுவாகப் பிடித்து மடக்கினேன். கைக்குள்ளேயே நின்றது.